ஒரு கிலோ காற்று

முன்சக்கரத்து வால்வு மூடியைக் கழற்றக் குனிந்தபோது என் உதட்டிலிருந்து ரத்தம் சொட்டி ரிம்மின் மேல் விழுந்தது. முந்தானையால் ரிம்மைத் துடைத்தேன். உதட்டைத் துடைத்துப் பிரயோஜனம் இல்லை, காலையிலிருந்தே அது நிற்கவில்லை. கீழ்வரிசைப் பல் ஒன்று நாக்குப் பட்டாலே ஆடியது. மழை பொய்த்த எண்பத்து மூன்றாம் வருஷம் அது. ஊசுட்டேரி ஒரு கை தண்ணீர்கூட இல்லாமல் வெடித்துக் கிடந்தது. கரையோரம் ஒரு வேலிக்காத்தான் நிழலில் எஸ்டி பைக்கை நிறுத்தி, அதன் பக்கத்தில் என்னையும் ஒரு சைக்கிள் பம்பையும் இறக்கிவிட்டு, என் புருஷன் பிரான்சுவா கூட்டாளிகளோடு குடிக்கப் போய்விட்டான்.

புருஷனை அவன் இவன் என்று சொல்கிறேனே என்று முகம் சுளிக்கிறவர்கள் அன்று காலையில் எங்கள் அடுப்படியில் நின்றிருந்தால் சுளித்திருக்க மாட்டார்கள். ஜூலை பதினான்கு அது. எங்கள் தெருவில் சொல்தா வீடுகளுக்கு அதுதான் பெரிய பண்டிகை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனில் இருக்கிறவர்களைத்தான் சொல்தா என்போம். பிரான்சுவாவின் அண்ணன் அருளானந்தம் அப்படிப்பட்ட ஒரு சொல்தா. காலையில் கோட்டு மாட்டி, மெடல் குத்திக்கொண்டு கடற்கரை அணிவகுப்புக்குப் போவார்கள். பிறகு வீட்டுக்கு வீடு பிராந்தி. பிரான்சுவா பட்டாளத்தின் வாசலைக்கூட மிதித்தவன் இல்லை. ஆனாலும் அண்ணனோடு சரிக்குச் சரி குடித்துவிட்டு வந்து, பம்பு எங்கே என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இந்த வருஷ ஓட்டத்துல யாரையும் ஒதைக்காதீங்க. அந்தக் கொளஞ்சி இன்னும் கட்டையூனிக்கிட்டுதான் நடக்கிறான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கையில் இருந்த பம்பை வைத்தே வாயில் இடித்தான். நான் அம்மிக்கல்லின் மேல் போய் விழுந்தேன். விழுந்தவளை இடுப்பில் இரண்டு மிதி. என் மாமியார் ரோசா கறிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "மொகத்துல அடிக்காதடா, நாலு பேர் பாக்குற எடத்துக்குப் போறா" என்றாள். அதுதான் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பரிவு. நான் எழுந்து, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "போற எடத்துல விழுந்து சாவு" என்றேன். பிரான்சுவாவுக்குக் கேட்டது. ரோசாவுக்கும் கேட்டது. சொன்னதற்காக அப்போது நான் வருத்தப்படவில்லை, இப்போதும் இல்லை.

அப்படிச் சபித்தவளை எதற்கு ஏரிக்கு அழைத்துக்கொண்டு போனான் என்று கேட்கலாம். காற்றுக்காகத்தான். மூன்று வருஷமாக ஊசுட்டேரி பைக் ஓட்டத்தில் அவன் முதலில் வருகிறான் என்றால் டயரில் காற்று வைத்தது நான். என் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் பொதுப்பணிப் பட்டறையில் லாரி பார்த்தவர். காற்று அளக்கிற அவருடைய பித்தளைக் கேஜ் ஒன்றுதான் கல்யாணத்தின்போது நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த சீதனம். அதில் முள் கிலோக் கணக்கில் ஓடும். ஊரில் மற்ற எல்லோரும் பவுண்டில் பேசினார்கள், எங்கள் வீட்டில் மட்டும் கிலோ. தார் ரோட்டில் ஓட்டுகிறவன் எவ்வளவு காற்று வைத்தாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். ஏரிக்குள் அப்படி இல்லை. கரையடியில் சரளைக்கல். நடு ஏரியில் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பு. மதகுப் பக்கம் வந்தால் மாவு மாதிரி வண்டல், அதில் நடந்தாலே கணுக்கால் புதையும். காற்று அதிகமானால் வெடிப்பில் சக்கரம் துள்ளும், வண்டலில் வழுக்கிக்கொண்டு போகும். குறைந்தாலோ சரளையில் ரிம்மே ட்யூபைக் கடித்துவிடும். முன்னால் ஒரு கிலோ, பின்னால் அதைவிட ஒரு கோடு கூட. வெயிலில் நிற்கிற வண்டியானால் சூட்டில் ஏறும் என்று அரைக்கோடு குறைத்து வைக்க வேண்டும். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. முதல் ஓட்டத்துக்கு முந்தின கோடை முழுக்க ஏற்றிப் பார்த்து, குறைத்துப் பார்த்து, அவன் விழுந்து எழுந்து வந்து என்னை அடித்து, அப்படிக் கண்டுபிடித்தது.

அதனால் அவனை எப்படிக் கொல்வது என்பதும் எனக்குத் தெரியும். அரைக் கிலோவில் விட்டால் போதும். கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. முதல் சுற்றில் கரையடிக்கு வேகமாக வந்து சரளையில் ஏறும்போது ட்யூப் கிழியும். கல்லின் மேல் தலை போகும். நான் வால்வை நகத்தால் அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு போனது. கேஜை வைத்துப் பார்த்தேன், முள் அரைக் கிலோவில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் என் கை தானாகப் பம்பை மாட்டியது. அவன் மேல் இரக்கம் எல்லாம் கிடையாது. அந்த வீட்டில் நான் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாத காரியம் இது ஒன்றுதான், இதையும் அவனுக்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது. முன்னால் ஒரு கிலோவும் பின்னால் ஒரு கோடு கூடவும் வைத்து, மூடியைத் திருகிவிட்டு எழுந்தேன்.

பிரான்சுவா வந்தான். கண் சிவந்திருந்தது.

"எவ்ளோ வச்ச?"

"எப்பவும் போலதான். ஒரு கிலோ."

அவன் என் உதட்டைப் பார்த்தான். அது வீங்கிக் கோணிக்கொண்டிருந்தது. பிறகு டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"சொதசொதன்னு இருக்குது."

"மண்ணுக்கு அப்பிடிதான் இருக்கணும். போன வருஷமும் அப்பிடிதான் இருந்துச்சு."

அவன் பின்டயரையும் அழுத்திப் பார்த்தான். திட்டாமல் அவன் நின்று நான் பார்த்ததில்லை. பயந்தவன் மாதிரி இருந்தான். எனக்கு அதைப் பற்றி யோசிக்கத் தெம்பு இல்லை. கேஜை இடுப்பில் செருகிக்கொண்டு, கரைக்கு அந்தப் பக்கம் ஓடிய பம்புசெட்டில் முகம் கழுவப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது வண்டிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு வண்டிகள் இருக்கும். ஒரு பாதி சொல்தா வீட்டுப் பிள்ளைகள், மறு பாதி உழவர்கரைப் பக்கத்து மில் ஆட்கள். பந்தயத்தில் காலால் உதைக்கலாம், இரும்பு எடுக்கக் கூடாது. எவன் வந்து காற்றுக் கேட்டாலும், அவன் எதிரியாகவே இருந்தாலும், பம்பு இல்லை என்று சொல்லக் கூடாது. அந்த ஏரியில் இருந்த சட்டம் இவ்வளவுதான். பிரான்சுவாவுக்குப் பக்கத்து வண்டி ராஜாங்கத்தின் ராஜ்தூத். போன வருஷம் பிரான்சுவா உதைத்துத் தொடையெலும்பு முறிந்த கொளஞ்சி இந்த ராஜாங்கத்தின் தம்பி. அந்தப் பக்கம் நின்ற மில் ஆட்கள் ஒருவர் கையிலும் மற்ற வருஷங்களில் ஆட்டுகிற கொடி இல்லை, கம்புதான் இருந்தது. இன்றைக்கு யாராவது ஒருவர் வீட்டில் சாவு விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பார்க்க வந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

துணியை வீசினார்கள். வண்டிகள் பாய்ந்தன. ஒரு பனைமர உயரத்துக்குப் புழுதி எழுந்தது. அது விலகி வண்டிகள் நடு ஏரி வெடிப்பில் ஏறியபோது பிரான்சுவாவின் முன்சக்கரம் துள்ளியது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வெடிப்புக்கும் பந்து மாதிரி எகிறியது. அவன் ஹேண்டிலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியோடு மல்லுக்கட்டினான். என் காற்று அப்படித் துள்ளாது. யாரோ ஏற்றியிருக்கிறார்கள்.

இரண்டாவது சுற்றில் பிரான்சுவாவும் ராஜாங்கமும் முன்னால் வந்தார்கள். ஒருத்தன் முழங்கால் இன்னொருத்தன் முழங்காலில் உரசியது. ராஜாங்கம் உதைத்த உதை பிரான்சுவாவின் பெட்ரோல் டேங்கில் விழுந்தது. பிரான்சுவா முழங்கையால் ராஜாங்கத்தின் முகத்தில் இடித்தான், அவன் மூக்கிலிருந்து ரத்தம் பின்னால் பறந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஜனங்கள் ஊளையிட்டார்கள். வண்டல் தொடங்குகிற இடத்தில் பிரான்சுவா பெரிய உதை ஒன்றுக்காகக் காலைத் தூக்கினான். ஒற்றைக் காலில் அவன் நின்ற அந்த நேரத்தில் முன்சக்கரம் எகிறி, கடைசி வெடிப்புக்குள் குத்திக்கொண்டு இறங்கியது. ஹேண்டில் முறுக்கியது. அவன் அதற்கு மேலே பறந்து முகம் குப்புற விழுந்தான். வண்டி அவன் முதுகில் வந்து உருண்டது. பின்னால் வந்தவனால் திருப்ப முடியவில்லை, பிரான்சுவாவின் முழங்காலுக்குக் கீழே ஏறிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

எல்லோரும் ஓடினோம். முதலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து, பிரான்சுவா மேல் கிடந்த எஸ்டியைத் தூக்கிப் புரட்டிப் போட்டது ராஜாங்கம்தான். பிரான்சுவாவின் ஒரு கன்னத்தில் தோலே இல்லை, மண் அப்பிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டை எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது. கால் எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. டெம்போ கொண்டுவர ஆள் ஓடினார்கள். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரோசா மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இவதான். இவதான் காத்து வச்சவ. காலையில சாவுன்னு சொல்லிட்டுதான் வண்டில ஏறுனா."

அருளானந்தம் கோட்டோடு வந்திருந்தான். மெடல்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. அவன் ஒன்றும் கேட்கவில்லை. பெல்ட்டை உருவினான். பக்கிள் இருக்கிற முனையால் முதல் அடி காதோடு விழுந்தது. நான் மண்டியிட்டேன். முதுகில் எத்தனை விழுந்தது என்று தெரியவில்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் நான் காற்று வைப்பதை மூன்று வருஷமாகப் பார்த்தவர்கள், ஒருவரும் குறுக்கே வரவில்லை. எல்லாம் அவர்கள் வீட்டு விஷயம் என்று நின்றார்கள்.

"காத்த வச்சே கொல்லப் பாத்தியா நீ" என்றபடி அவன் பெல்ட்டைக் கைமாற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து விரித்தான். எனக்குத்தான் என்று நினைத்தேன். அவன் போனது கிடந்த பைக்கை நோக்கி. கோபத்தில் முன்டயரைக் குத்திக் கிழிக்கக் கையை ஓங்கினான்.

அந்த டயரில் இருந்த காற்று ஒன்றுதான் என்னிடம் இருந்த சாட்சி. அது போய்விட்டால் நான் கொலைகாரி, சாகிறவரைக்கும் அந்த வீட்டில் அப்படித்தான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. சக்கரத்தின் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். வலது உள்ளங்கையால் வால்வை மூடிக்கொண்டேன். ஓங்கிய கத்தி என் முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்துக்கொண்டு போனது.

"அளந்து பாருங்க மாமா. இடுப்புல கேஜ் இருக்குது. இதுல ஒரு கிலோ இருந்தா என்ன இங்கயே வெட்டிப் போடுங்க."

பதினைந்து வருஷம் பட்டாளத்து லாரிகளோடு இருந்த மனிதன் அவன். கிலோ தெரியும், கேஜ் பார்க்கத் தெரியும். ஒரு நொடி யோசித்தான். பிறகு கத்தியை மடக்கிவிட்டு மறுபடி பெல்ட்டால் அடிக்கத் தொடங்கினான். அளப்பதைவிட அது அவனுக்குச் சுலபமாக இருந்தது. நான் அசையவில்லை. அடி விழ விழ வால்வு உள்ளங்கைக்குள் புதைந்தது.

"அந்தப் பொம்பளைய வுடு" என்று ராஜாங்கம் சொன்னான். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவன் மார்பு வரைக்கும் இருந்தது. "ஓட்டத்துக்கு முன்னாடி உன் தம்பி எங்கிட்ட வந்தான். என் கால்பம்புல கேஜ் இருக்குது, அதக் குடுன்னு கேட்டான். காத்து கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது, குடுத்தேன். அவன்தான் ஏத்திக்கிட்டான். முன்னாலயும் பின்னாலயும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சொல்தா வீட்டுப் பிள்ளைகள் அவன் மேல் விழுந்தார்கள். அப்போ உன் பம்பால்தான் விழுந்தான், நீதான் ஏற்றிவிட்டாய் என்று ஒருத்தன் கத்தினான். மில் ஆட்கள் கம்போடு ஓடி வந்தார்கள். கம்பு எலும்பில் படுகிற ஓசை, கெட்ட வார்த்தை, புழுதி. என் கண்ணெதிரே ராஜாங்கத்தின் முகத்தை ஒருத்தன் பூட்ஸ் காலால் மிதித்தான். உண்மை சொன்னதற்கு அவனுக்குக் கிடைத்தது அது. அவனுக்காக எழுந்து போக என்னால் முடியவில்லை. எழுந்தால் டயர் போய்விடும்.

"அண்ணே."

குரல் அவ்வளவு சின்னதாக இருந்தும் அருளானந்தம் நின்றான். பிரான்சுவா ரோசாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தபடி அவள் சேலையைப் பிடித்திருந்தான்.

"அவன் சொல்றது நெசம். நான்தான் ஏத்தினேன்."

மெல்ல மெல்லக் கம்புகள் இறங்கின. பிரான்சுவா கண்ணைத் திருப்பி என்னைத் தேடினான். பேசும்போது வாயோரம் ரத்தம் குமிழி விட்டது.

"அவன் கேஜுல பதினாலுன்னு காட்டிச்சு செல்வி. ஊரே இருவதுக்கு மேல வெக்கிது. பதினாலு வச்சிருக்கியே, காலைல அடிச்சதுக்கு என்னக் கொல்றதுக்குத்தான் எறக்கி வச்சிருக்கன்னு நெனச்சேன். இருவத்திநாலு ஏத்தினேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு கிழியும் என்பதால் சிரிக்கவில்லை. மூன்று வருஷம் என் காற்றில் ஓடி ஜெயித்தவன், ஒரு நாளாவது ஒரு கிலோ என்றால் பவுண்டில் எவ்வளவு என்று கேட்டிருக்கிறானா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஒரு கிலோவுன்னா பதினாலு பவுண்டுதாங்க" என்றேன். "எப்பவும் வெக்கிறதுதான் வச்சேன்."

அவன் என்னையே பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்த மாதிரிதான் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அது வலியாகவும் இருக்கலாம்.

"கொல்லணும்னு நெனச்சேன்" என்றேன். ஊர் முழுக்க நின்று கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "அரைக் கிலோ வரைக்கும் எறக்கியும் பாத்தேன். காத்துல தப்பு பண்ண மனசு வரல. திரும்ப ஏத்தி வச்சிட்டேன்."

டெம்போ வண்டலில் புதைந்து புதைந்து வந்து சேர்ந்தது. ஒரு பழைய கதவுப் பலகையில் பிரான்சுவாவைக் கிடத்தி ஏற்றினார்கள். அவன் அலறினான். ரோசா ஏறி உட்கார்ந்து அவன் தலையைத் தாங்கிக்கொண்டாள், கொஞ்சம் ஒதுங்கி இன்னொரு ஆளுக்கு இடமும் விட்டாள். அருளானந்தம் பெல்ட்டை ஒவ்வொரு வளையமாகக் கோட்டுக்குக் கீழே நுழைத்துப் பூட்டினான். நிதானமாகத்தான் பூட்டினான். பிறகு என் பக்கம் பாராமல், "ஏறு. நேரமாவுது" என்றான்.

அது மன்னிப்பா, கட்டளையா, வழக்கமா. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் விழிக்க ஒரு பெண் வேண்டும். பிறகு அவன் எழுந்து நடக்கிறவரை மலம் மூத்திரம் எடுக்க வேண்டும். நடந்ததும் மறுபடி பம்பு வரும். எல்லாம் எனக்கு ஒரே தடவையில் தெரிந்தது. நான் சக்கரத்தை விடவில்லை. டெம்போ இரண்டு தடவை ஹாரன் அடித்தது. மூன்றாவது தடவை அடிக்காமல் கிளம்பிப் போனது. அதன் பின்னால் ஜனங்களும் போனார்கள். மில் ஆட்கள் ராஜ்தூத்தைத் தள்ளிக்கொண்டு கரையேறினார்கள்.

ராஜாங்கம் மட்டும் நின்றான். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. என் கையிலிருந்து ஓடும் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்து நீட்டினான்.

"எல்லாரும் போயிட்டாங்க அக்கா. கைய எடு, கட்டு போடலாம். இனிமே அத எவன் வந்து குத்தப்போறான்."

வால்வு உள்ளங்கைக்குள் குத்திக்கொண்டு மரத்துப்போயிருந்தது. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. என் மார்புக்குக் கீழே அந்த டயர் கல் மாதிரி இருந்தது, சூட்டில் மேலும் மேலும் இறுகிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.